பாரை வெட்டின சைக்கிள்

எங்கட பள்ளிக்கூட வாட்ஸ்அப் குறூப்பில நேற்று வந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பியள். பெரியப்பாவின்ர மகன், எனக்கு அண்ணன் முறை, வெளிநாட்டில இருந்து வந்து ஊர்காவற்றுறை இறங்குதுறையில ஒரு சைக்கிளோட நிக்கிறார். தொடையோட ஒட்டின கறுத்தக் காற்சட்டை. தலையில பாதிப் பூசணிக்காயைக் கவிட்ட மாதிரி ஒரு தொப்பி. சைக்கிளை ஒற்றைக் கையால தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கிறார். அதின்ர விலைக்கு இஞ்ச ஒரு வளவுக் காணியே வாங்கலாமாம். நான் கேக்கேல்லை, அவராத்தான் சொன்னவர். படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறார், "சின்ன வயசில நான் சைக்கிள் ஓடித் திரிஞ்ச மண்" எண்டு. அதுக்கு நீங்கள் எல்லாரும் வரிசையா இதயம் போட்டிருக்கிறியள்.

பேரப்பிள்ளை கண்ட ஆக்கள், ஒருத்தருக்கும் வெக்கமில்லை. அவர் இந்த மண்ணில சைக்கிள் ஓடினதை உங்களில ஆர் கண்டது? என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்ச ஆக்கள்தானே நீங்கள், அந்தச் சைக்கிளின்ர கதை உங்களுக்குத் தெரியாதோ? தெரியும். ஆனால் பெரியப்பா வீட்டில சொன்ன மாதிரித்தான் தெரியும். நான் சொல்லுறன், கேளுங்கோ. கேட்டுப்போட்டு அந்த இதயங்களை எடுக்கிறதெண்டால் எடுங்கோ.

அப்பாவுக்குத் தெற்கில, மாத்தறையில கடை. உங்கட தகப்பன்மாரைப் போலத்தான், வருசத்தில இரண்டு தரம் விருந்தாளி மாதிரி வந்து, பாய் விரிச்சுப் படுத்து, கோயிலுக்கு உபயம் குடுத்து, திரும்பிப் போறவர். அந்த வருசம் அவர் திருவிழாவுக்கு வந்து நிக்கேக்க, எனக்கொரு சைக்கிள் வேணும் எண்டு கேட்டன்.

"எதுக்கு?" எண்டு அம்மா கேட்டா.

"சும்மா ஓட."

வீட்டில நிண்ட சனம் எல்லாம் சிரிச்சுது. எங்கட ஊரில பொம்பிளைப் பிள்ளையள் சைக்கிள் ஓடுறதில்லை எண்டில்லை. ரீச்சர் ஓடினவ. மருத்துவிச்சி அம்மா ஓடினவ. ஆனால் அவைக்கு அலுவல் இருந்தது, அலுவலுக்கு ஓடினால் குற்றமில்லை. எனக்கு ஒரு அலுவலும் இல்லை. பள்ளிக்கூடம் அடுத்த ஒழுங்கையில. எங்கட புளியங்கூடலில இருந்து ரோட்டால நேர போகவேணும், ஒரு இடத்தில திரும்பவேணும், வரவேணும். அவ்வளவுதான் என்ர ஆசை. அதைச் சொன்னால் விசர் எண்டுவினம்.

அப்பா மட்டும் சிரிக்கேல்லை. "சைக்கிள் சும்மா ஓடத்தானே," எண்டார். "மாத்தறையில பின்னேரத்தில நானும் கடற்கரையால ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறனான். ஒரு அலுவலும் இல்லை. காத்து நல்லா இருக்கும்."

அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தா. புருசன் அங்க காத்து வாங்கச் சைக்கிள் ஓடுறவர் எண்டது அவவுக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிறகு சொன்னா, "சரி, பெரியபிள்ளையாகுமட்டும் ஓடட்டும். பிறகு ஆர் விடப்போகினம்." அம்மா சொன்ன கணக்கு எனக்கு நல்லா விளங்கினது. என்னோட படிச்ச இரண்டு மூண்டு பேர் அதுக்குள்ளயே தாவணி போட்டிட்டினம். எனக்கு இருந்தது கொஞ்சக் காலம்தான்.

புதுசு வாங்கிற யோசனை அப்பாவுக்கு இல்லை. கள்ளுத் தவறணை நடத்தினவரின்ர வீட்டுக் கோடியில மலிவா ஒண்டு கிடக்கெண்டு கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாட்டுக்கொட்டில் சுவரில சாஞ்சு கிடந்தது. ஆம்பிளைச் சைக்கிள், சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில குறுக்கால பார் போற சாதி. பின் கரியரில கட்டியிருந்த பெட்டிக்குள்ள ஒரு கோழி அடை கிடந்தது. தவறணைக்காரர் கோழியைத் தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டு, "இவ மட்டும் விலைக்கில்லை, மற்றதெல்லாம் உம்மட, கொண்டு போம்," எண்டார்.

ரயர் வெடிச்சுக் கிடந்தது. ரியூப் பாம்புச் சட்டை மாதிரி கையோட வந்தது. நானும் அப்பாவும் வளவுக்குள்ள சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி வைச்சுக்கொண்டு வேலையைத் தொடங்கினம். அவர் சாரத்தை மடிச்சுக் கட்டிக் குந்தி இருப்பார். நான் மண்ணெண்ணெயில தேங்காய்த் தும்பைத் தோய்ச்சுத் துருவைத் தேய்ப்பன். செயினைக் கழட்டி உடைஞ்ச சட்டி ஒண்டுக்குள்ள ஊறப் போட்டம், அடுத்த நாள் சட்டிக்குள்ள தார் மாதிரி ஊத்தை. மணியைப் பழப்புளி போட்டு மினுக்கினன். மேல இருந்த கறுப்புப் போகப் போக உள்ளுக்க பித்தளை. அந்த மணி எங்க போய்ச் சேந்ததோ தெரியாது, இப்பவும் பழப்புளி கரைக்கேக்க எனக்கு அதின்ர சூடுதான் கையில வரும்.

பெயின்ற் வேறை வாங்கேல்லை. மீன்பிடிக்கிற ஆக்களிட்டை வள்ளத்துக்குப் பூசி மிஞ்சின பச்சை இருந்தது, அதை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அது காயவே இல்லை. கோழித் தூவல் ஒட்டிச்சுது, பூவரசம் இலை ஒட்டிச்சுது, என்ர பாவாடையள் எல்லாத்திலயும் பச்சை. அம்மா பேசிப்போட்டுச் சிரிச்சா. அந்தக் கொஞ்ச நாளும் எனக்கு அப்பா எண்டு ஒருத்தர் இருந்தவர். எனக்குச் சந்தோசமா இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்காது.

விடியக்காலமை கோயில் பின்வெளியில ஓடப் பழக்கினார். முதல்ல பாருக்குக் கீழால காலை விட்டு, உடம்பை வளைச்சுக்கொண்டு ஓடினன். பிறகு அவரே, "உப்பிடி ஓடினால் முதுகு கூனும் பிள்ளை, மேலால காலைப் போடு, ஒருத்தரும் பாக்கேல்லை," எண்டார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போட்டன். கால் பெடலுக்கு எட்டினது. அப்பா பிடியை விட்டது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க அவர் தூரத்தில இடுப்பில கை வைச்சுக்கொண்டு நிண்டு சிரிக்கிறார்.

ஒருத்தரும் பாக்கேல்லை எண்டது அவற்ற எண்ணம். பெரியப்பா பார்த்தவர்.

பெரியப்பா, அப்பாவின்ர தமையன். ரோட்டுப் போடுற ஓவசியரா இருந்து பென்சன் எடுத்தவர். அவர் கட்டின மதகு ஒண்டு முதல் மாரிக்கே அடிச்சுக்கொண்டு போனது, அதைப்பற்றி அவற்ற முன்னால கதைக்கிற துணிவு ஊரில ஒருத்தருக்கும் இல்லை. சைக்கிள் தவறணை வீட்டில வாங்கினது எண்டு கேள்விப்பட்ட உடன பெரியம்மா வந்து தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுப் போனவ. அந்தச் சைக்கிளுக்கு என்னை விடப் பெரியப்பாவை நல்லாத் தெரியும், முந்தியெல்லாம் பொழுதுபட்டால் இரண்டு பேரும் தவறணை வாசலில ஒண்டாத்தான் நிக்கிறவை. ஆனால் தெளிச்சது சைக்கிளுக்குத்தான்.

அண்டைக்கே எங்களைக் கூப்பிட்டு விட்டார். விறாந்தையில சாய்மனைக் கதிரையில அவர். அப்பா கதிரையில இருக்கேல்லை. தோளில கிடந்த சால்வையை எடுத்துக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டார். மாத்தறையில பத்துப் பேரை வைச்சு வேலை வாங்கிற மனிசன், தமையனுக்கு முன்னால பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பொடியன் மாதிரி நிண்டார்.

"தம்பி, பொம்பிளைப் பிள்ளை காலைத் தூக்கிப் பாருக்கு மேலால போடுறதை என்ர கண்ணால கண்டன். நாளைக்கு இவளைக் கட்ட வாறவன் என்ன கேப்பான்?"

"ஓம் அண்ணை."

"ஓட வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நான் பழைய ஆள் இல்லை. பாரை எடு. பார் இல்லாட்டில் அது பொம்பிளைச் சைக்கிள். முடிஞ்சுது."

"ஓம் அண்ணை."

நான் கேட்டன், "பாரை எடுத்தால் முறியாதோ?"

பெரியப்பா என்னைப் பாக்கேல்லை. அப்பாதான் திரும்பினார். "பெரியப்பாவுக்குத் தெரியாததே? ரோட்டுப் போட்டவர்."

பொம்பிளைச் சைக்கிளில அந்தப் பாரைச் சும்மா எடுக்கிறேல்லை, சரிச்சு வளைச்சுக் கீழ பூட்டியிருக்கும். ரீச்சரின்ர சைக்கிள் ஒவ்வொரு நாளும் எங்கட படலையைத் தாண்டிப் போனது. எங்கட வம்சத்தில ஒருத்தருக்கும் ஏறெடுத்துப் பாக்கத் தோன்றேல்லை. பாத்தால் கேட்டறிஞ்ச மாதிரிப் போயிடுமே. கேக்கிறது எங்கட ஆக்களுக்குச் சாவை விடப் பெரிய அவமானம். ஒரு வழி கேக்க மாட்டாமல் மூண்டு ஊர் சுத்துற சனம் நாங்கள்.

பெரியப்பா சோக்கால இரண்டு கோடு கீறினார். இரும்பு வாளால அறுத்தது அப்பா. நான் பக்கத்தில நிண்டன். எங்கட கையால பூசின பச்சை, இன்னும் காயாத பச்சை, இரும்புத் தூளோட சேந்து விரலில ஒட்டிச்சுது. பார் கழண்டு சீமெந்தில விழுந்து சத்தம் போட்டுது. மிஞ்சின இரண்டு குழாய்க் குத்தியிலயும் பெரியப்பா மரக்கட்டை செதுக்கி அடைச்சார், தண்ணி போய்த் துருப்பிடிக்காமல் இருக்கவாம். அந்த விண்ணாணத்தை எல்லாரும் நிண்டு மெச்சிச்சினம்.

பிறகு நாள் பாத்தினம். நல்ல நேரம் வருமட்டும் சைக்கிளை ஒருத்தரும் தொடக்கூடாது. நல்ல நாளண்டைக்கு ஹாண்டிலில சந்தனப் பொட்டு, பூமாலை, சில்லுக்குக் கீழ இரண்டு தேசிக்காய். தேங்காய் உடைச்சாச்சு. நான் புதுப் பாவாடை சட்டையோட முன்னுக்கு வர, பெரியப்பா கையைக் காட்டி மறிச்சார்.

"முதல்ல ஒரு ஆம்பிளை ஏறி இறங்க வேணும். அதுதான் முறை."

எந்தச் சாத்திரத்தில இருக்கெண்டு என்னைக் கேக்காதேங்கோ. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஏறினார். சாப்பாட்டுக்குக் குறையில்லாத உடம்பு. தேசிக்காய் நசிஞ்சுது, சைக்கிள் கொஞ்சம் முன்னுக்குப் போச்சுது. போய், நடுவால இறங்கத் தொடங்கினது. விழேல்லை, இறங்கினது. முன்சில்லும் பின்சில்லும் ஒண்டை ஒண்டு பாக்க வந்த மாதிரிக் கிட்டக் கிட்ட வந்து, பெரியப்பா ஹாண்டிலைப் பிடிச்ச பிடியோடயே நிலத்தில இருந்தார். மணி ஒருக்கா அடிச்சுது. ஒரு மரக்கட்டை கழண்டு உருண்டு பெரியம்மாவின்ர காலடிக்குப் போச்சுது.

அம்மா அவசரமாக் குசினிக்குள்ள போனா. நான் பின்னால போய்ப் பார்த்தன். சேலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு, கண்ணால தண்ணி ஓட ஓடச் சிரிக்கிறா. அந்த வம்சத்தில எனக்குப் பிடிச்ச ஆள் அம்மா ஒருத்திதான், அவவும் கலியாணம் கட்டி வந்து ஏறினவ.

வெளியில பெரியப்பாவைத் தூக்கி நிமித்தியாச்சு. தன்ர வாளில பிழையில்லை, தன்ர கோட்டில பிழையில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். "இவள் அண்டைக்குக் காலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் கண்டபடி ஓடிச் சட்டத்தை ஆட்டிப்போட்டாள், தம்பி," எண்டார். "அதுதான் முறிஞ்சது."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தினம். நானும் பார்த்தன். பாரை அறுத்தது அவர். ஆர் அறுக்கச் சொன்னதெண்டும் அவருக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை," எண்டார். "அவள் கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் ஓடினவள்."

உங்களுக்குத் தெரிஞ்ச கதை இதுதான். சைக்கிளை முறிச்ச பெட்டை. பள்ளிக்கூடத்தில நீங்களே எனக்குப் பின்னால சொல்லிச் சிரிச்சனீங்கள். என்னைக் கலியாணம் பேசி வந்த இடத்திலயும் ஒரு மாமி பகிடியாக் கேட்டவ. பெரியப்பா செத்தாப் பிறகும் அந்தக் கதை சாகேல்லை. பெரியப்பாவில எனக்குக் கோவம் இல்லை, மாட்டிட்டைப் போய் ஏன் முட்டினனி எண்டு ஆரும் கேக்கிறதே? தெரிஞ்சுகொண்டு தலையாட்டின மனிசனை நினைச்சால்தான் எனக்கு இப்பவும் அருவருக்கும்.

அவருக்கும் மனம் உறுத்தியிருக்கும் போல. மாத்தறைக்குப் போறதுக்கு முதல் சைக்கிளை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், வள்ளத்து இஞ்சின் திருத்துறவரைக் கொண்டு தண்ணிக் குழாய்த் துண்டு ஒண்டைப் பார் போல வைச்சு ஒட்டுவிச்சுக்கொண்டு வந்தார். ஒட்டின இடமெல்லாம் கட்டி கட்டியா நிண்டது. முந்தியை விடப் பாரம், ஆனால் யானை ஏறினாலும் முறியாது. எனக்குத்தான் எண்டு நினைச்சு ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடிச்சன். அவர் என்ர கையைக் கழட்டிவிட்டிட்டு நேர பெரியப்பா வீட்டுக்கு உருட்டினார்.

"இப்ப பார் வந்திட்டுது, ஆம்பிளைச் சைக்கிள்தானே, அண்ணை. உங்கட பொடியன் ஓடட்டும்."

பெரியப்பாவின்ர முகம் தெளிஞ்சுது. தேத்தண்ணி வந்தது. அப்பா முதல் தரமா அந்த விறாந்தையில கதிரையில இருந்தார்.

பொடியன் எண்டது உங்கட படத்துக் கதாநாயகன். ஏறின முதல் நாளே ஆடாதோடை வேலிக்குள்ள போனார், முழங்கால் உரஞ்சினது, ஊருக்கே கேக்கக் குழறினார். பிறகு தொடேல்லை. சைக்கிள் விறாந்தைச் சுவரில சாஞ்சு நிண்டது. கோழி அடை கிடக்காத குறைதான்.

அப்பா மாத்தறைக்குப் போற நாள் மத்தியானம் எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டு ஊர்காவற்றுறைக்குப் போனார். அங்க போய் ஏறினால்தான் யாழ்ப்பாண பஸ்ஸில யன்னல் சீற் கிடைக்கும். என்ர தலையைத் தடவினார்.

பெரியப்பா வீட்டில சாப்பிட்டுப்போட்டு எல்லாரும் நித்திரை. நான் போய்ச் சைக்கிளை எடுத்தன். ஒளிச்சு எடுக்கேல்லை, படலையைத் திறந்து உருட்டிக்கொண்டு வந்து ரோட்டில நிண்டு பாவாடையைச் செருகிக் காலைத் தூக்கிப் பாருக்கு மேலால போட்டன். ஊர்காவற்றுறைப் பக்கம் திருப்பினது அப்பாவைப் பாக்கவோ, அந்தப் பக்கம் ரோட்டு நல்லா இருந்ததாலயோ, எனக்கே தெரியாது. எதிர்க்காத்து. குழாய் பாரம். மிதிக்க மிதிக்கத் தொடை நொந்தது. வயலுக்குள்ள நிண்ட பொம்பிளையள் நிமிந்து பார்த்தினம். ஒருத்தி என்னவோ கத்தினவ, காத்தில கேக்கேல்லை.

பஸ் இன்னும் வெளிக்கிடேல்லை. சாரதி கடையில தேத்தண்ணி குடிக்கிறார். அப்பா முன்பக்க யன்னலுக்கை இருந்தார். பக்கத்தில, வேறை தீவொண்டில இருந்து வள்ளத்தில வந்த ஒருத்தர், மாத்தறையில பக்கத்துக் கடைக்காரராம். நான் யன்னலுக்குக் கிட்டப் போய்க் காலை ஊண்டி நிண்டன். வேர்த்து வழியுது, பாவாடை முழங்காலுக்கு மேல.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிச்சார். "உந்தப் பெட்டையைப் பாரும், ஆம்பிளை மாதிரிக் காலைப் போட்டுக்கொண்டு. உங்கட ஊர்ப் பிள்ளையோ?"

அப்பா திரும்பினார். என்ர முகத்தை நேர பார்த்தார். கண் கலங்கினதா, கோவமா, ஒண்டும் இல்லை. கடைக்கு வந்த ஆளைப் பாக்கிற பார்வை.

"தெரியேல்லை," எண்டார். "ஆற்ற பிள்ளையோ."

சொல்லிப்போட்டுச் சால்வையால முகத்தைத் துடைச்சார். சாரதி வந்து ஏறினார். பஸ் வெளிக்கிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, நான் போகவேண்டிய ரோட்டாலயே போச்சுது.

அழுகை வரும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். வரேல்லை. சைக்கிளைத் திருப்பினன். காத்து இப்ப முதுகில. மிதிக்கவே தேவையில்லை, அந்தப் பாரச் சைக்கிள் தானா ஓடுது. எதிர்ப்பட்ட ஒரு கிழவர் சைக்கிளை மறிக்கிற மாதிரிக் கையை நீட்டி, "ஆற்ற பிள்ளை நீ, உப்பிடி ஓடுறாய்?" எண்டு கேட்டார்.

"ஒருத்தற்றயும் இல்லை," எண்டன்.

அவர் கையை எடுத்திட்டார். ஒருத்தற்றயும் இல்லாத பிள்ளையை மறிச்சு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? வீட்டு வாசல்ல பெரியப்பா பூவரசந் தடியோட நிப்பார் எண்டு தெரியும், நிண்டவர்தான். அது வரைக்கும் இருந்த ரோட்டு முழுக்க என்ர. நான் இரண்டு கையையும் ஹாண்டிலில இருந்து எடுத்துப்போட்டு ஓடினன்.